ஐந்தாம் அறை

தாஷ்-கெச்சூ, 14 ஏப்ரல் 2018

பெகிமாய்,

போன் செய்வதை நிறுத்து. உன் ஐந்தாம் அறையைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி அனுப்பினேன். அதற்குப் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். பதினொரு தடவையும் போன் என் கையில்தான் இருந்தது. உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. தவிர, இந்த வீட்டில் நான் போனில் பேசினால் அடுப்படிவரை கேட்கும். சொல்ல வேண்டியதை எழுதி வேன் ஓட்டும் எசெனிடம் கொடுத்தனுப்பு. வெள்ளிக்கிழமை பிஷ்கெக் போகிறவன் திங்கட்கிழமை திரும்பிவிடுகிறான்.

நேற்று பக்கத்து ஊர் மருத்துவச்சி ஜுமாகுல் வந்திருந்தாள். உங்கள் மருத்துவப் பயிற்சி மையத்தில் இரண்டு வாரப் பயிற்சி முடித்துத் திரும்பிய கையோடு வந்திருக்கிறாள். டீ ஊற்றினேன். அத்தையும் கூடவே உட்கார்ந்து காயவைக்கத் தயிர் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பொம்மைக்குப் பிரசவம் பார்த்ததை, ரத்தத்துக்குப் பதிலாகச் சிவப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்ததை, பொம்மை கத்தும்போது தான் அதன் நெற்றியைத் துடைத்துவிட்டதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் ஐந்தாம் அறைக்கு வந்தாள்.

"அங்க பொம்மை இல்லடி, நோயாளியா நடிக்கிற நெசப் பொம்பளை. எட்டு மாசம். பக்கத்து நாற்காலியில மாமியார், மடியில கைப்பையை வெச்சுக்கிட்டு. நாம என்ன கேட்டாலும் அந்தப் பொண்ணு மாமியார் மூஞ்சியப் பாத்துட்டு, ஒண்ணும் இல்ல, நல்லாருக்கேன்னு சொல்லுது. தலைத்துணியை மட்டும் கண்ணுக்கு மேல இழுத்து இழுத்து விட்டுக்குது. நாங்க பன்னெண்டு பேர். ஒன்பது பேர் புகார் இல்லைன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டோம். வெளிய வந்தப்புறம் சொல்றாங்க, கதைப்படி அவ மறுநாள் காலையில வலிப்பு வந்து செத்துட்டாளாம். மாமியாரை வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருந்தா தலைவலின்னு சொல்லியிருப்பாளாம், வலிப்பு வரப்போறதுக்கு அதுதான் அறிகுறியாம். இதெல்லாம் எவளுக்குடி தோணும்?"

அத்தையின் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. உருண்டைகள் ஒரே அளவாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தன. அவருக்கு எதுவும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தான் நினைத்தாக வேண்டும்.

உனக்கு மறந்துபோயிருக்கலாம், அதனால் எழுதுகிறேன். பெரிசாத் என் ஓரகத்தி. என் கொழுந்தனின் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன், பிப்ரவரியில், அவளைப் பரிசோதித்தது இந்த ஊர் மருத்துவச்சியான நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் மாமியார். பிரஷர் நூற்று நாற்பது இருந்தது. மேடேறி வந்த களைப்பு என்றார் அத்தை. தலைவலி உண்டா என்று கேட்டேன். அவள் அத்தையைப் பார்த்தாள், துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள், இல்லை என்றாள். நான் நோட்டில் 'புகார் ஏதும் இல்லை' என்று எழுதினேன். அந்தத் துணியை அவள் இழுத்தது வெளிச்சம் கண்ணைக் குத்தியதால்தான் என்று மறுநாள் கிசில்-பெல் கணவாயில் ஆம்புலன்ஸ் பனியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. குழந்தையை எடுத்தார்கள். அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் துணியைப் பற்றி உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவளுடைய நாற்பதாம் நாள் பிரார்த்தனையன்று, குதிரைக் கொட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டு. என் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அழுகிறாய் என்று நினைத்தேன். மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறாய்.

சைராகான்


பிஷ்கெக், 22 ஏப்ரல்

அக்கா,

கடிதத்தை வேன் நிலையத்திலேயே நின்று படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எசென், ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டான். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மனப்பாடம் செய்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் மறக்க மாட்டேன். சரி, நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் உன் இஷ்டம்.

நாடகக் குழுவை விட்டு வந்த பிறகு எனக்கு இருக்கிற பிழைப்பு இதுதான், நோயாளியாக நடிப்பது. காலை ஒன்பது மணிக்கு மாரடைப்பு. பத்தரைக்குக் கருச்சிதைவு. சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை நோய். மருத்துவ மாணவர்களும் நர்ஸுகளும் வரிசையாக வந்து என்னைத் தொட்டுப் பார்ப்பார்கள், நான் முனகுவேன். போன வருஷம் வெளிநாட்டிலிருந்து புதுப் பொம்மைகள் வந்தன. மூச்சு விடும், கண்மணி சுருங்கும், நாக்குகூட வீங்கும். எங்கள் மையத் தலைவி செய்னெப் டாக்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எல்லாம் இருக்கிறது, இதற்கு மாமியார் மட்டும் இல்லை என்றார். நம் பெண்கள் எதனால் சாகிறார்களோ அது இந்தப் பொம்மைக்கு வராது, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று நடிகர்கள் எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்துக் கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னோம். என் முறை வந்தது. நான் பெரிசாத்தைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, உன்னைச் சொல்லவே இல்லை. ஐந்தாம் அறைப் பெண்ணின் பெயர் அய்குல். நம் நரின் பக்கம்கூட இல்லை, தலாஸ் மாகாணத்துக்காரி.

சொல்லும்போது கூசவில்லை என்றால் பொய். பெருமையாக இருந்தது என்றால் நீ அடிப்பாய். இரண்டும்தான் இருந்தது. ஒப்பனைக்காரி இல்லாமல், விளக்கு இல்லாமல், அந்தத் துணியை மட்டும் இழுத்துவிட்டேன். செய்னெப் டாக்டர் இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்.

இதுவரை நூற்று நாற்பது பேர் அந்த அறைக்குள் வந்து போயிருக்கிறார்கள். முதல் தடவையிலேயே மாமியாரை வெளியே அனுப்பியவர்கள் முப்பது பேர் இருக்கலாம். மீதிப் பேர் தோற்று, காரணம் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஊருக்குப் போய் ஒரு மாமியாரையாவது வெளியே அனுப்பியிருக்க மாட்டார்களா? அதில் ஒருத்தியாவது பிழைத்திருந்தால், அவளுக்காக என்னை விட்டுவிடக் கூடாதா?

இன்னொன்று. ஒன்பது வருஷம் மேடையில் நடித்தேன். அரங்கம் நரினில், உன் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான். ஒரு நாடகத்துக்குக்கூட நீ வரவில்லை. வேலை என்பாய், பனி என்பாய், அத்தை என்ன நினைப்பாரோ என்பாய். என் நடிப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட முதல் செய்தியிலேயே என்னைத் திருடியாக்குகிறாய்.

பெரிசாத்தின் பெண் ஐசாதாவுக்கு ஒரு பொம்மை வைத்திருக்கிறேன், வேனில் வருகிறது. கண்ணை மூடித் திறக்கும்.

உன் பெகி


தாஷ்-கெச்சூ, 19 மே

பெகிமாய்,

பெரிசாத்தின் உடம்பைக் கழுவியவர்களில் நானும் ஒருத்தி. கால் வீக்கம் அப்போதும் வடியவில்லை, விரலால் அழுத்திய குழி அப்படியே நின்றது. நீ அதற்குப் பஞ்சு வைத்த காலுறை போட்டுக்கொண்டு படுக்கிறாயாம். ஜுமாகுல் சொன்னாள், தத்ரூபமாக இருந்ததாம். கை தட்டுகிறார்களா?

நூற்று நாற்பது பேர் கதையை என்னிடம் சொல்லாதே. நான் ஒரு வீட்டில் இருக்கிறேன். அந்த வீட்டில் ஒரு கிழவி, தாயில்லாத பேத்திக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறார். அவர் ஒரே ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு உயிர் வாழ்கிறார்: அது விதி எழுதியபடி நடந்தது, யாராலும் தடுத்திருக்க முடியாது. தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால்தான் மருமகள் வாயைத் திறக்கவில்லை என்று அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? மாஸ்கோவில் இருக்கிற என் கொழுந்தன் காதில் விழுந்தால்? அவன் தன் அம்மா முகத்தைத்தான் பார்ப்பானா, என் முகத்தைத்தான் பார்ப்பானா?

நீ கல்யாணம் பண்ணி ஒரு வருஷத்தில் திரும்பி வந்தவள். உனக்கு இது புரியாது. பதினெட்டு வருஷமாக அவருக்கு முதுகு காட்டி நான் ஒரு அறையை விட்டு வெளியே வந்ததில்லை. அப்படிப்பட்ட நான் அவரைப் பார்த்து வெளியே போங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

இப்போது கேள். சுகாதாரத் துறையிலிருந்து தாள் வந்திருக்கிறது. கிராம மருத்துவச்சிகள் எல்லோரும் செப்டம்பருக்குள் உங்கள் மையத்தில் பரீட்சை எழுத வேண்டும். ஐந்து அறைகளிலும் தேற வேண்டும். ஓர் அறையில் தவறினாலும் பிரசவம் பார்க்கும் அனுமதி போய்விடும். இந்தப் பள்ளத்தாக்கில் நானும் ஜுமாகுலும்தான். அனுமதி போனால் இங்கே இருக்கிற பெண்கள் கணவாய் தாண்டித்தான் போக வேண்டும், பனியோ வெயிலோ.

அதனால் அந்த அறையை எடுத்துவிடு. நீ கொடுத்த கதைதானே, நீயே திருப்பிக் கேள். அந்த அறைக்குள் நான் நிற்க மாட்டேன்.

சை.


பிஷ்கெக், 10 ஜூன்

அக்கா,

கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை அழுதேன். செய்னெப் டாக்டர், நடிக்கிறாயா என்றார். இந்த வேலையில் இருக்கிற பெரிய இடைஞ்சல் அது, அழுதால் ஒருவரும் நம்புவதில்லை.

அறையை எடுக்க மாட்டாராம். மற்ற நான்கு அறைகளிலும் படித்தவர்கள் தேறிவிடுகிறார்கள், ஐந்தாம் அறையில்தான் நிஜமான மருத்துவச்சி யார் என்று தெரிகிறது என்கிறார். காரணத்தைச் சொல் என்றார். சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டேன். அதையாவது எனக்கு நல்ல பெயராக வைத்துக்கொள்.

நீ வரும் குழுவுக்கு வேறு யாராவது படுக்கட்டும் என்றும் கேட்டேன். கர்ப்பிணி வேஷத்துக்கு என்னை விட்டால் இருப்பவர் அறுபது வயது கலிச்சாதான். அவருக்குத்தான் மாமியார் வேஷம்.

இவ்வளவும் செய்துவிட்டேன், இனி நான் நினைப்பதைச் சொல்கிறேன். நீ அத்தையைக் காப்பாற்றுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். பெரிசாத் இறந்தபோது விசாரணைக்கு வந்தவர்களிடம் நீ என்ன சொன்னாய்? நோயாளி எதுவும் சொல்லவில்லை என்றாய். நோட்டைக் காட்டினாய். அது உண்மைதான், அவள் சொல்லவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. செத்தவள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு, இரண்டு வருஷமாக அந்தக் கிழவியின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் பெரிசாத்தை வைத்து நடிக்கிறேன் என்றால், நீ எதை வைத்து என்ன செய்கிறாய்?

எழுதிவிட்டுக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. ஒரு வருஷத்தில் திரும்பி வந்தவள் என்று எழுதியதை நீயும் கிழிக்காமல்தானே அனுப்பினாய்.

வராமல் மட்டும் இருந்துவிடாதே. வராவிட்டால் தவறியதாகவே எழுதுவார்கள்.

பெகி


தாஷ்-கெச்சூ, 25 ஆகஸ்ட்

வருகிறேன். வந்தால் என்னிடம் பேசாதே, என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

பொம்மையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது கண்ணை மூடினால் ஐசாதா அழுகிறாள்.


பிஷ்கெக், 30 செப்டம்பர்

அக்கா,

உன் சான்றிதழ் இந்த உறையில் இருக்கிறது. மடிக்காமல் வைத்திருக்கிறேன். ஐந்தாம் அறையில் இருபதுக்குப் பத்தொன்பது. இந்த வருஷத்தில் அதுதான் அதிகம். செய்னெப் டாக்டர் உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார், அடுத்த வருஷம் பாடம் நடத்த அழைக்க வேண்டுமாம். அக்கா என்று நான் சொல்லவில்லை. நீ கேட்டபடி உன்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, நீ வேன் ஏறும்வரை ஜன்னலில்தான் நின்றேன்.

நீ கதவைத் திறந்து உள்ளே வந்தபோது எனக்கு வயிற்றில் கட்டியிருந்த தலையணை நழுவிவிடும்போல ஆனது. மணி அடிக்கும்வரை வேஷத்தை விட்டு வெளியே வரக்கூடாது, அது எங்கள் விதி. அதனால் கட்டிலில் அய்குலாகவே கிடந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கலிச்சாவைத்தான் பார்த்தாய். அவர் வெள்ளைத் துணி கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்திருந்தார். நீ அவரைப் பார்த்ததும் கையைக் கட்டிக் குனிந்து வணங்கினாய். அக்கா, அது பரீட்சை. பன்னிரண்டு நிமிஷத்தில் அரை நிமிஷம் அதற்குப் போயிற்று.

பிரஷர் பார்த்தாய். என் காலை அழுத்தினாய். உன் கை சில்லென்று இருந்தது. தலைவலி உண்டா என்று கேட்டாய். நான் கலிச்சாவைப் பார்த்தேன், துணியை இழுத்தேன், இல்லை என்றேன். நீ பேனாவை எடுத்தாய். எடுத்து அப்படியே நின்றாய். மூலையில் மதிப்பெண் போடுகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிஷம் போயிற்று. நான் துணிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு விடை தெரியும். ஏப்ரலிலிருந்தே தெரியும். தெரிந்தும் உனக்கு வாய் வரவில்லை. எழுந்து உன்னைக் கட்டிப்பிடித்துக் கதையை முடித்துவிடலாமா என்று இருந்தது.

அப்புறம் நீ சொன்னாய். "அத்தை, கொஞ்சம் வெளிய இருங்க."

கலிச்சா எழுதிக்கொடுத்தபடி சொன்னார். "நான் எதுக்குப் போகணும்? என் பேரப்புள்ள. என் வீட்டுல எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?"

பெரும்பாலானவர்கள் அங்கேதான் மன்னிப்புக் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். நீ பேனாவைக் கீழே வைத்தாய். "எந்திரிங்க அத்தை. போங்க. போகலன்னா கையப் பிடிச்சு நானே கூட்டிட்டுப் போவேன்." உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை. முப்பது வருஷம் மேடையில் இருந்த கலிச்சாவே ஒரு வரியை விழுங்கிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கதவு சாத்தியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "இப்ப சொல்லு பெரிசாத், தல வலிக்குதா?"

என் பெயர் அங்கே அய்குல். "வலிக்குதுக்கா. ரெண்டு நாளா வலிக்குது" என்றேன். நீ அழுதாய். அழுதுகொண்டே ஊசி மருந்தின் அளவைச் சரியாகச் சொன்னாய், வண்டி கூப்பிட்டாய், இடது பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாய். மணி அடித்தது. போய்விட்டாய்.

அந்த ஒரு மதிப்பெண் எதற்குக் குறைந்தது என்று கேட்பாய். நோயாளியின் பெயரைத் தவறாகச் சொன்னதற்கு.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த மாமியார் முரண்டு பிடிப்பது செய்னெப் டாக்டர் எழுதியதல்ல. நான் சேர்த்தது. ஒருவேளை நீ கேட்டிருந்தாலும் அத்தை போயிருக்க மாட்டார், போராடித்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று சேர்த்தேன். உன்னைத் தெரியாதவர்கள்கூட உன்னை அவ்வளவு சுலபமாகக் குறை பேசிவிடக்கூடாது என்றுதான். நம்பினால் நம்பு.

கடைசியில் என் நாடகம் ஒன்றுக்கு வந்துவிட்டாய்.

பெகி


தாஷ்-கெச்சூ, 13 அக்டோபர்

பெகிமாய்,

சான்றிதழ் வந்தது. அத்தை அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கொழுந்தன் ராணுவ உடையில் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். பத்தொன்பது, இருபதுக்குப் பத்தொன்பது என்று.

ஜூனில் நீ எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாததால். செத்தவள் மேல் பழி போட்டேன் என்றாய். ஆமாம்.

உன் அறையிலிருந்து வெளியே வந்து வேனில் உட்கார்ந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உடம்பு லேசாக இருந்தது. உன் நாடகத்துக் கிழவி முரண்டு பிடித்தாளே, அது எனக்கு இதமாக இருந்தது. பார், எவ்வளவு கஷ்டம், விடை தெரிந்த எனக்கே நாக்கு எழவில்லை, எழுந்தும் அவள் நகரவில்லை, விடை தெரியாத அன்றைக்கு நான் என்ன செய்திருக்க முடியும் என்று நினைத்தேன். கணவாய் ஏறும்போது இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ அதை எனக்காகத்தான் சேர்த்தாய் என்று எழுதியதும் உன்னை மன்னித்துவிடலாம் என்றுகூட இருந்தது. கடிதத்தைத் தொடங்கியும் விட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. அத்தை பெரிசாத்தின் ஆத்மாவுக்காக ஏழு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் அதை விட்டதில்லை. நான் மாவு உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐசாதா மாவுத் துண்டை வைத்துக் குதிரை செய்துகொண்டிருந்தாள். எண்ணெயைப் பார்த்துக்கொண்டே அத்தை கேட்டார், ஐந்தாம் அறையில் உனக்கும் அதே பெண்தான் வந்தாளா என்று.

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆமாம் என்றேன்.

மாமியாரை அனுப்பினாயா என்றார். அனுப்பினேன் என்றேன். ஒரு ரொட்டியைத் திருப்பிப் போட்டார். ஜுமாகுல் சொன்ன அன்றைக்கே தனக்குப் புரிந்துவிட்டது என்றார். அந்தத் துணியை அவள் வீட்டிலும் இரண்டு நாளாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாளாம். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தாராம். ஆறு மாதமாக நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாராம்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களை எப்படி வெளியே போகச் சொல்வது என்று பயந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, பெகிமாய். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதுல பயப்பட என்ன இருக்கு? எனக்கு முழங்கால் வலி, அந்த நாற்காலியில உக்காரவே முடியல. கூட உக்காரலன்னா ஊரு என்ன பேசும்னுதான் உக்காந்திருந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னார். பொரித்த ரொட்டியைத் தட்டில் அடுக்கினார். முதல் ரொட்டியை ஐசாதாவுக்குப் பிட்டுக் கொடுத்தார், ஊதி ஊதிக் கொடுத்தார். பிறகு பிரார்த்தனைக்குக் கையை ஏந்தினார். நானும் ஏந்தினேன்.

அந்த அறையில் அன்றைக்கு மூன்று பேர் இருந்தோம். பெரிசாத் வாயைத் திறக்கவில்லை, அத்தைக்குப் பயந்து. அத்தை எழுந்திருக்கவில்லை, ஊருக்குப் பயந்து. நான் அத்தையைப் போகச் சொல்லவில்லை. மூன்று பேரில் படித்தவள் நான், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தவள் நான்.

அந்த அறையை எடுக்கச் சொல்லி இனி யாரிடமும் கேட்காதே. இருக்கட்டும். துணியும் இருக்கட்டும். பெண்ணுக்குப் பெரிசாத் என்றே பெயர் வை. அடுத்த வருஷம் பாடம் நடத்தக் கூப்பிட்டால் வருவேன், எல்லாவற்றையும் சொல்வேன், அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்வேன்.

ஆனால் நீ சேர்த்த அந்த வரிகளை எடுத்துவிடு. கலிச்சா முரண்டு பிடிக்க வேண்டாம். பேரப்பிள்ளை, ரகசியம் என்றெல்லாம் எதுவும் சொல்ல வேண்டாம். எனக்கு இதமாக இருந்தது என்பதால்தான் சொல்கிறேன். வெளியே இருங்கள் என்று யாராவது ஒரு தடவை சொன்னால் போதும். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எழுந்து போகட்டும்.

போன் இன்னும் வேண்டாம்.

உன் அக்கா